இடம் சொல்லாத அறிவித்தல்

புனிதா வானொலிக்கு வந்தது பாட்டுப் போடத்தான். பிரிக்பீல்ட்ஸில் பூமாலைக் கடைகளுக்கு மேல்மாடியில், இரண்டே அறைகளில் நடந்துவந்தது செம்பருத்தி வானொலி. அதற்கென்று அலைவரிசை கிடையாது. கைப்பேசியில்தான் கேட்க வேண்டும். நகைக்கடைக்காரர்களும் கல்யாணச் சமையல்காரர்களும் கொடுக்கிற விளம்பரத்தை வைத்து வாசு அதை எப்படியோ ஓட்டிக்கொண்டிருந்தார். புனிதா தினமும் கிள்ளானிலிருந்து ரயிலேறி வருவாள். பிறந்தநாள் வாழ்த்துச் சொல்வாள், கேட்ட பாட்டைப் போடுவாள், வீட்டுக்குப் போய்விடுவாள். கணவன் இல்லை, மகன் ஜொகூரில் படித்துக்கொண்டிருந்தான். பேசுவதற்கு அவளுக்கு இருந்த ஆட்கள் நேயர்கள்தான்.

நடமாட்டக் கட்டுப்பாடு வந்த வருஷம் எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள். புனிதாவும் தன் படுக்கையறையில் கம்பளியைத் தொங்கவிட்டு, அங்கிருந்தே நேரலை செய்தாள். ஒருநாள் மத்தியானம் பாட்டுக் கேட்கிற வரிசையில் ஒருவன் தொலைபேசியில் வந்தான். பேச்சு இந்த ஊர்ப் பேச்சாக இல்லை.

"அக்கா, எனக்குப் பாட்டு வேண்டாம். மனுசிக்கு நோ தொடங்கிட்டுது. எங்களிட்ட அகதி அட்டைதான் இருக்கு. ஆசுபத்திரிக்குப் போனால் பிடிப்பினமோ?"

புனிதாவுக்குப் பதில் தெரியவில்லை. நேரலையில் பேசுகிறவளுக்கு மௌனத்தைவிடப் பெரிய தப்பு கிடையாது.  அவனை இணைப்பில் வைத்துவிட்டு, கையில் கிடைத்ததிலேயே நீளமான பாட்டைப் போட்டாள். பாட்டு ஓடுகிற நேரத்தில் தெரிந்த வக்கீல் ஒருவரைப் பிடித்தாள். அவர் இன்னொருவரிடம் கேட்டுச் சொன்னார். பாட்டு முடிந்ததும் ஒலிவாங்கியில் நிதானமாகச் சொன்னாள்: போகலாம். அட்டையைக் கையில் வைத்திருங்கள். சாலைத் தடுப்பில் நிறுத்தினால் முதலில் மனைவியைக் காட்டுங்கள், பிறகு அட்டையைக் காட்டுங்கள். மருத்துவமனை வாசலில், பிரசவ வலி என்பதற்கான இந்த மலாய் வார்த்தையைச் சொல்லுங்கள். அந்த வார்த்தையை மூன்று முறை திருப்பிச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் பெண்குழந்தை பிறந்தது. மறுநாள் அவன் மறுபடியும் வந்து, பிள்ளைக்குக் கயல் என்று பேர் வைத்திருப்பதாகச் சொன்னான். அவன் பேர் தயாபரன். முல்லைத்தீவுப் பக்கத்து ஆள். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை. மனைவி பேர் வதனி. நன்றி சொல்லிவிட்டு, அவர்களைப் போல இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளக் கேட்பதற்கும் பயம் என்றும் சொன்னான்.

சனிக்கிழமை நிகழ்ச்சி அப்படித்தான் தொடங்கியது. விளம்பரம் விழாத மத்தியான நேரம் ஒன்றை வாசு விட்டுக்கொடுத்தார். எந்தக் கிளினிக் அகதி அட்டையை ஏற்றுக்கொள்கிறது, பிள்ளைகளுக்கு எங்கே வகுப்பு நடக்கிறது, அட்டையைப் புதுப்பிக்க எப்போது கூப்பிடுவார்கள், கனடாவுக்கு அனுப்புகிறேன் என்று வருகிற ஏஜெண்டுகளை எப்படி அடையாளம் காண்பது, பிடிபட்டால் எந்த எண்ணுக்கு அழைப்பது என்று வாராவாரம் சொன்னாள். செலாயாங் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்களும், சுங்கை பூலோவில் மேசை நாற்காலி செய்கிறவர்களும், கிள்ளானில் கார் கழுவுகிறவர்களும் காதில் கம்பியை மாட்டிக்கொண்டு கேட்டார்கள்.

அறிவிப்புகள் ஆங்கிலத்தில் வரும். புனிதா அதைத் தமிழாக்கி, முதலில் வதனிக்குக் குரல்பதிவாக அனுப்புவாள். வதனிக்கு அவளைவிடப் பத்து வயது குறைவு. கூர்மையான பெண். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே திருத்தம் சொல்வாள். ஒருமுறை தொண்டு மருத்துவர்கள் சிலர் சேர்ந்து இலவச மருத்துவ முகாம் நடத்தினார்கள். இரண்டு வாரம் வானொலியில் சொல்லியும் ஒருவர்கூடப் போகவில்லை. புனிதாவுக்கு மனம் விட்டுப்போனது. வதனிதான் விளக்கினாள்.

"நீங்கள் 'முகாம்' எண்டு சொல்லுறியள் அக்கா. எங்கட சனத்துக்கு முகாம் எண்டால் முள்ளுக்கம்பி. சண்டை முடிஞ்ச வருசம் எங்களை அதுக்குள்ளதான் அடைச்சு வைச்சிருந்தவை. முகாமுக்கு வாங்கோ எண்டால் ஆர் வருவினம்?"

புனிதா அன்றோடு அந்தச் சொல்லை விட்டாள். இந்த ஊரில் அது தினமும் புழங்குகிற சொல்தான். யோகா முகாம், மாணவர் முகாம் என்று சுவரொட்டி ஒட்டாத தூண் கிடையாது. ஆனால் அவள் வாயில் அது மறுபடி வரவில்லை. 'பிள்ளைகளுக்கு ஊசி போடுகிற நாள்', 'டாக்டர் வந்து பார்க்கிற நாள்' என்று மாற்றிச் சொன்னாள். அடுத்த முறை ஆட்கள் போனார்கள். அதற்கடுத்த முறை இடம் போதவில்லை. புனிதாக்கா சொன்னால் சரியாக இருக்கும் என்று ஒரு பேச்சு அவர்களுக்குள் பரவியது. வதனி அதை அவளிடம் சொன்ன அன்று, கிள்ளானுக்குத் திரும்புகிற ரயிலில் புனிதா தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தாள்.

நாலு வருஷம் இப்படி ஓடியது. கயல் வளர்ந்து, குரல்பதிவுகளுக்கு நடுவில் புகுந்து பாட்டுப் பாடத் தொடங்கினாள்.

அந்த வருஷம் ஜூலையில் டாக்டர் பரமேஸ்வரன் ஒரு நாளைக் குறித்தார். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தன்னோடு நாலைந்து டாக்டர்களைச் சேர்த்துக்கொண்டு இந்தக் காரியத்தைச் செய்துவந்தார். இந்தமுறை இடம் கிள்ளானிலேயே, ஒரு தாமான் குடியிருப்பின் பொதுமண்டபம். புனிதா அவரிடம் பத்திரமான இடந்தானா என்று கேட்டாள். சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் கடிதம் கொடுத்தாயிற்று என்றார். ஒலிபரப்புக்கு முன்னால் மறுபடியும் கேட்டாள். அவர் கொஞ்சம் சலித்துக்கொண்டு, மண்டபத்துக்குள் யாரும் வரமாட்டார்கள் அம்மா என்றார். அவள் அதை நம்பினாள். ஒலிவாங்கியில், பயப்படாமல் வாங்க என்று சொன்னாள்.

டாக்டர்கள் வருகிற நாளுக்கு முந்தின நாள் தயாபரன் அவளைக் கூப்பிட்டான். பல வாரமாக இருமல் விடவில்லை, வதனி டாக்டரிடம் காட்டச் சொல்லி நச்சரிக்கிறாள் என்றான். அவன் அட்டையின் காலம் முடிந்திருந்தது. புதுப்பிக்கிற நாளுக்காகக் காத்திருந்தான்.

"அட்டை முடிஞ்ச ஆக்கள் வரலாமோ அக்கா?"

"வாங்க தம்பி. நான் அங்கதான் இருப்பேன். ஒண்ணும் ஆகாது லா."

காலையில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. மண்டபம் நிறைந்துவிட்டது. ஊசி போட்ட பிள்ளைகள் அழுதன. அந்த அழுகையைக் கேட்டு, இன்னும் போடாத பிள்ளைகளும் அழுதன. புனிதா தண்ணீர்ப் போத்தல்களைக் கொடுத்துக்கொண்டு சுற்றினாள். குரலை மட்டும் கேட்டிருந்த பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தைப் பார்த்தார்கள். தயாபரனை டாக்டர் முதலிலேயே பார்த்துவிட்டார். நெஞ்சில் சத்தம் சரியில்லை, எக்ஸ்ரே எடுக்க வேண்டும், தான் ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். அவனுக்கு மத்தியான ஷிப்ட் இருந்தது. வதனியும் கயலும் ஊசி வரிசையில் நின்றார்கள். அவர்களிடம் சொல்லிக்கொண்டு, தொழிற்சாலை வேனைப் பிடிப்பதற்காக முச்சந்திக்கு நடந்தான். அதே பக்கம் போக வேண்டிய வேறு சிலரும் கூடச் சென்றார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் மூச்சு வாங்க ஓடி வந்து புனிதாவின் கையைப் பிடித்தாள். சந்தியில் லோரி நிற்கிறது என்று மட்டும்தான் அவளால் சொல்ல முடிந்தது.

புனிதா ஓடினாள். சந்தியில் கார் பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. குடிநுழைவுத் துறை அதிகாரிகள் வந்தது அந்தப் பட்டறைகளைச் சோதிக்கத்தான் என்று பிறகு சொன்னார்கள். அப்படித்தானா, இல்லை யாராவது மண்டபத்தைப் பற்றிச் சொல்லித்தான் வந்தார்களா என்பது கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. வழியோடு போனவர்களையும் நிறுத்திப் பார்த்திருந்தார்கள். அவள் போய்ச் சேர்ந்தபோது தயாபரன் ஏற்கெனவே லோரிக்குள் உட்கார்ந்திருந்தான். கம்பி வலை போட்ட லோரி.

அவள் தன் அடையாள அட்டையை நீட்டி, தான் வானொலியில் வேலை செய்கிறவள், இவர்கள் டாக்டரைப் பார்க்க வந்தவர்கள், புதுப்பிக்க நாள் கேட்டிருக்கிறார்கள் என்று மலாயில் படபடவென்று சொன்னாள். அதிகாரி இளைஞன். கோபப்படவில்லை. தயாபரனின் அட்டையைத் திருப்பிக் காட்டி, "சுடா மாத்தி, காக்" என்றான். செத்துப்போச்சு அக்கா என்று அர்த்தம். காலாவதியான அட்டையை மலாயில் அப்படித்தான் சொல்வார்கள். புனிதா பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய பேச்சு. ஆனாலும் அன்றைக்கு அதைக் கேட்டதும் அவள் லோரிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

தயாபரன் வலைக்கு அருகே வந்தான். இருமலை அடக்கிக்கொண்டு பேசினான். அவன் ஏதாவது கேட்பான், திட்டுவான், அழுவான் என்று அவள் எதிர்பார்த்தாள்.

"அக்கா, வதனியை வெளியில வர வேண்டாமெண்டு சொல்லுங்கோ. உள்ளுக்க இருக்கிற ஒருத்தரும் இந்தப் பக்கம் வர வேண்டாம். கெதியாப் போய்ச் சொல்லுங்கோ."

அவள் நின்றாள். அவன் கையை ஆட்டிப் போகச் சொன்னான். அவனை அங்கே விட்டுவிட்டு அவள் திரும்பி ஓடினாள்.

மண்டபத்தில் பிள்ளைகளின் பேரைக் கூப்பிடுவதற்கு ஒரு ஒலிவாங்கி வைத்திருந்தார்கள். புனிதா அதை எடுத்தாள். மூச்சு அடங்கட்டும் என்று சற்று நின்றாள். பிறகு வாராவாரம் அவர்கள் கேட்கிற அதே குரலில் சொன்னாள். எல்லாரும் இருக்கிற இடத்திலேயே உட்காருங்க. யாரும் இப்ப வெளியே போகாதீங்க. கதவைச் சாத்துறோம். சந்திப் பக்கம் யாரும் போக வேண்டாம். நான் சொல்லும்வரைக்கும் இங்கேயே இருங்க.

பிள்ளைகளின் அழுகை மட்டும் கேட்டது. பெரியவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் உட்கார்ந்துவிட்டார்கள். அப்படிச் சத்தமில்லாமல் உட்கார அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொருத்தியும் சுற்றிப் பார்த்துத் தன் ஆளைத் தேடினாள். ஊசி வரிசையில் வதனி மட்டும் நின்றுகொண்டிருந்தாள். கயல் அவள் தோளில் முகத்தைப் புதைத்திருந்தாள்.

"அவர் வேலைக்குப் போற வான் ஏறிட்டாரோ அக்கா?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

புனிதா கையில் ஒலிவாங்கியோடு நின்றாள்.  வதனி அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

பிடிபட்டால் அழைக்க வேண்டிய எண்ணைப் புனிதா எத்தனையோ முறை ஒலிபரப்பியிருக்கிறாள். மனப்பாடம். அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்த எண்ணுக்குத் தானே அழைத்தாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு பதிவுசெய்த குரல், செய்தியை விட்டுச் செல்லுங்கள் என்றது. அவள் விட்டாள். மறுபடியும் அழைத்தாள், மறுபடியும் விட்டாள். ஒருநாள் அங்கிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, விவரம் கேட்டுக்கொண்டாள். வக்கீல் ஒருவர் கிடைத்தார். புதுப்பிக்க நாள் கேட்டிருப்பதால் விடுவிக்க வழி இருக்கிறது, ஆனால் நேரம் எடுக்கும் என்றார் அவர். அதற்குள் தயாபரனை வடக்கே எங்கோ ஒரு தடுப்பு மையத்துக்கு மாற்றிவிட்டார்கள். போய்ப் பார்க்க அனுமதி கிடைக்கவில்லை. அவன் நெஞ்சைப் பற்றி டாக்டர் பரமேஸ்வரன் ஒரு கடிதம் எழுதினார், பிறகு இன்னொன்று எழுதினார். அவை யார் கைக்குப் போயின என்று தெரியவில்லை. அவர் புனிதாவைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்ளத் தொடங்கினார்.

கொஞ்ச நாளைக்கு நிகழ்ச்சியை நிறுத்திவைக்கலாம் என்று வாசு தயங்கித் தயங்கிச் சொன்னார். அவருக்கும் பயம் இருந்தது. புனிதா மறுத்தாள். அடுத்த சனிக்கிழமை உட்கார்ந்து, என்ன நடந்தது என்பதை ஒளிக்காமல் சொன்னாள். பிடிபட்டவர்களுக்காக என்ன செய்யப்படுகிறது, எந்தப் பக்கம் போக வேண்டாம் என்று சொன்னாள். 'பயப்படாதீங்க' என்பதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் அந்த ஒரு மணி நேரத்தை நிரப்புவது அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது.

ஆனால் கேட்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். நிகழ்ச்சி தொடங்கும்போது 'வணக்கம் அக்கா' என்று திரையில் வரிசையாக விழுகிற செய்திகள் ஒன்றிரண்டாயின. பிறகு அவையும் நின்றன. ஒருநாள் பழைய நேயர் ஒருவர், யாரோ யாருக்கோ அனுப்பிய குரல்பதிவு ஒன்றை அவளுக்கு அனுப்பிவைத்தார். அதில் ஒரு பெண் சொன்னாள்: அந்த ரேடியோக்காரிதான் இனிக்க இனிக்கக் கதைச்சு எல்லாரையும் ஒரு இடத்துக்குக் கூப்பிட்டுக் காட்டிக் குடுத்தவ. அவவை நம்பாதேங்கோ.

புனிதா அதை அழிக்கவில்லை. சமைக்கும்போது கேட்டாள். ரயிலில் கேட்டாள். அந்தப் பெண்ணின் கோபத்தில் குறை சொல்ல அவளுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

முதல் வாரங்களில் தினமும் கூப்பிட்ட வதனி, பிறகு கூப்பிடுவதை நிறுத்தினாள். புனிதா அழைத்தால் எடுப்பதில்லை. புனிதா அவர்கள் இருந்த அடுக்குமாடிக்குப் போய்ப் பார்த்தாள். வேறு யாரோ குடியிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி வீரம்மா, அந்தத் தங்கச்சி பிள்ளையத் தூக்கிக்கிட்டுப் போயிடுச்சு, எங்கன்னு சொல்லல என்றாள். சொல்லியிருந்தாலும் உங்களிடம் சொல்ல மாட்டேன் என்பது போல இருந்தது அவள் பார்வை.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை. மழை பிடித்துக்கொண்டு பெய்தது. நிகழ்ச்சி தொடங்கப் போகிற நேரத்தில் நிலையத் தொலைபேசி அடித்தது. வாசு எடுத்துப் புனிதாவிடம் நீட்டினார்.

"அக்கா, வதனி கதைக்கிறன்."

"வதனி. எங்கம்மா இருக்கே? பாப்பா எப்படி இருக்கு?"

"தயாபரன் செத்துப்போனார்."

அவள் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. சந்தையில் விலை சொல்வது போலச் சொன்னாள். புதன்கிழமை நடந்ததாம், இன்றைக்குத்தான் அவளுக்குச் சொன்னார்களாம். கடைசி நாட்களில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்களாம். நெஞ்சில் சளி கட்டியதால் என்றார்களாம். வக்கீலின் விண்ணப்பம் அடுத்த மாதம் விசாரணைக்கு வருவதாக இருந்தது.

 புனிதா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வதனி இடைமறித்தாள்.

"நான் அழுறதுக்குப் போன் எடுக்கேல்லை அக்கா. ஒரு மரண அறிவித்தல் சொல்ல வேணும். எங்கட ஊரில ரேடியோவிலதான் சொல்லுவினம். பின்னேரத்தில அம்மா அடுப்பை விட்டிட்டு வந்து நிண்டு கேப்பா. அப்பிடிச் சொன்னால்தான் ஒரு மனுசன் போனதாக் கணக்கு. அவருக்கு ஆர் சொல்லுவினம்? நீங்கள்தான் சொல்ல வேணும்."

இந்த ஊர் வானொலிகளில் அந்த வழக்கம் இல்லை. புனிதா அப்படி ஒன்றை வாசித்ததே கிடையாது. நீ சொல்லு, நான் எழுதிக்கிறேன் என்றாள். ஒரு சமையல்காரர் விளம்பரத்தின் பின்பக்கத்தில் எழுதினாள். வதனி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அந்தச் சொற்களெல்லாம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்து பாடம்.

வற்றாப்பளையைப் பிறப்பிடமாகவும், கிள்ளானை வதிவிடமாகவும் கொண்ட, என்று சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

"வதிவிடம் எண்டு சொல்லலாமோ அக்கா?"

புனிதாவின் பேனா நின்றது.

"சொல்லுங்கோ," என்று வதனியே முடிவு செய்தாள். "ஏழு வருசம் இருந்தவர். சொல்லுங்கோ."

கிரியை எப்போது, எங்கே என்று புனிதா கேட்டாள். ஒரு தொண்டு அமைப்பு உடலை வாங்கிக் கொடுப்பதாகவும், திங்கட்கிழமை கிள்ளான் மின்சுடலையில் நேரம் கிடைத்திருப்பதாகவும் வதனி சொன்னாள். புனிதா அதையும் எழுதினாள்.  மறுமுனையில் மழை கேட்டது. இரண்டு பக்கமும் அதே மழைதான்.

"அதை எழுதினியளோ? வெட்டிவிடுங்கோ. இடம் சொல்ல வேண்டாம். நாள் சொல்ல வேண்டாம். ஆக்களை வர வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

"வதனி, நாலு பேராவது..."

"வந்தால் நிண்டு பிடிப்பினம். எனக்குத் தயாபரன் ஒராள் போனதே காணும்."

புனிதா அந்த வரியை வெட்டினாள்.

அன்று நிகழ்ச்சியில் முகவுரை இல்லை, இசை இல்லை. வாசு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்றுகொண்டார். புனிதா வாசித்தாள். முல்லைத்தீவு வற்றாப்பளையைப் பிறப்பிடமாகவும், கிள்ளானை வதிவிடமாகவும் கொண்ட தயாபரன் அவர்கள் காலமானார். அன்னார் வதனியின் அன்புக் கணவரும், கயலின் பாசமிகு தந்தையும் ஆவார். அன்னாரின் இறுதிக் கிரியைக்கு நண்பர்கள், உறவினர்கள் யாரும் வர வேண்டாம் என்று குடும்பத்தினர் கேட்டுக்கொள்கிறார்கள். அவரவர் இருக்கிற இடத்திலேயே ஒரு விளக்கேற்றும்படி வேண்டுகிறார்கள். இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.

வதனி சொன்னதில் அந்தக் கடைசி வாக்கியமும் இருந்தது. எழுதும்போது அது வெறும் வழக்கமாகத் தெரிந்தது. வாசிக்கும்போது 'ஏற்றுக்கொள்ளவும்' என்ற சொல்லில் அவள் குரல் உடைந்தது. ஒலிபரப்பில் அவள் குரல் உடைந்தது அதுதான் முதல் தடவை. சற்றுப் பொறுத்து, அறிவித்தலை முதலிலிருந்து இன்னொரு முறை வாசித்தாள். அப்படித்தான் இரண்டு தரம் வாசிப்பார்கள் என்று வதனி சொல்லியிருந்தாள்.

திங்கட்கிழமை மின்சுடலைக்கு வந்தவர்கள் எல்லாரும் இந்த ஊர்க் குடிமக்கள். புனிதா, டாக்டர் பரமேஸ்வரன், கீழ்க்கடையிலிருந்து பெரிய ரோஜாமாலை கட்டி எடுத்துவந்த வாசு, தொண்டு அமைப்பின் இளம்பெண் ஒருத்தி. தயாபரனுடைய ஆட்கள் என்று பார்த்தால் வதனியும் கயலும் மட்டும்தான். வதனியின் அட்டைக்கு இன்னும் காலம் இருந்தது. பெட்டி சின்னதாகத் தெரிந்தது. முகத்தைத் திறந்து காட்டினார்கள். கன்னம் ஒட்டிப்போய், அவனுக்கு ஒரு அண்ணன் இருந்திருந்தால் எப்படி இருப்பானோ அப்படி இருந்தான். கயல் பார்த்துவிட்டு, இது அப்பா இல்லை என்று தெளிவாகச் சொன்னாள். யாரும் அவளைத் திருத்தவில்லை.

டாக்டர் வதனியின் முன்னால் கைகூப்பி நின்றார்.  அவள் அவருக்குத் தலையசைத்தாள். கற்பூரம் ஏற்றினாள். பிள்ளையின் கையைத் தன் கையில் வைத்து அரிசி போட வைத்தாள். வாய்க்கரிசி போடும்போது அவள் குனிந்து அவன் காதில் எதையோ நீளமாகச் சொன்னாள். பிறகு கதவு திறந்து, பெட்டி உள்ளே போனது.

வெளியே நெருஞ்சிப் பூப் பூத்த புல்வெளியில் சிமெண்டு இருக்கை ஒன்று இருந்தது. அங்கே உட்கார்ந்திருந்தபோது புனிதாவின் கையில் இருந்த நிலையக் கைப்பேசி அதிர்ந்தது. ஒரு படம் வந்திருந்தது. யாருடையதோ சமையல் மேடை, அதன்மேல் ஒரு சின்ன விளக்கு. முகமும் இல்லை, பேரும் இல்லை. பிறகு இன்னொன்று. தொழிற்சாலை விடுதிக் கட்டிலடியில் ஒரு மெழுகுவர்த்தி. பிறகு செலாயாங்கிலிருந்து ஒன்று, மூட்டைகளுக்கு நடுவில் ஓர் அகல். அன்றைக்கு என்று நாளைக்கூட அவள் சொல்லியிருக்கவில்லை. சனிக்கிழமையிலிருந்து ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள் போல. அவள் கைப்பேசியை வதனியிடம் கொடுத்தாள். வதனி ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். இது ஆர் அனுப்பினது, இது ஆற்ற வீடு என்று தனக்குள் கேட்டுக்கொண்டாள். சிலதை அடையாளம் கண்டுகொண்டாள் போலிருந்தது. அப்போதுதான் அழுதாள்.

புனிதா அவர்களைத் தன் காரில் கூட்டிப்போனாள். கயல் பின் இருக்கையில் அம்மாவின் மடியில் தூங்கிவிட்டாள்.  கிள்ளான் ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது வதனி பேசினாள்.

"நீங்கள் பொய் சொல்லேல்லை எண்டு எனக்குத் தெரியும் அக்கா. ஆர் என்ன கதைச்சாலும் எனக்குத் தெரியும்."

 புனிதா சாலையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள்.

"ஆனா எனக்கு இனி உங்கட குரலைக் கேக்க ஏலாமக் கிடக்கு. கேட்டால் 'வாங்க தம்பி' எண்டதுதான் கேக்குது. அவர் ஸ்பீக்கரில போட்டுத்தான் கதைச்சவர். நான் பக்கத்தில இருந்தனான். போங்கோ, அக்காதானே சொல்லுறா எண்டு நான்தான் அவரை அனுப்பினனான்."

 மன்னிச்சிரும்மா என்று புனிதாவின் உதடு அசைந்தது. சத்தம் வந்ததா என்று அவளுக்கே தெரியாது.

பெரிய சாலையில், ஒரு பெட்ரோல் நிலையத்துக்கு முன்னால் வதனி நிறுத்தச் சொன்னாள். வீடு அங்கே பக்கத்தில் எதுவும் இல்லை. இருபுறமும் கிடங்குகள்தான். மழை வருது, வீட்டு வாசலிலேயே விடுகிறேனே என்று புனிதா சொல்ல நினைத்தாள். சொல்லவில்லை. இறங்கிப்போய்ப் பின்கதவைத் திறந்து, தூங்குகிற பிள்ளையை வாங்கி வதனியின் தோளில் போட்டாள். கயலின் தலை கனமாக இருந்தது. பையில் இருந்த குடையை நீட்டினாள். வதனி வாங்கிக்கொண்டாள். போயிட்டு வாறன் என்று வழக்கமாகச் சொல்லும் அவள், போறன் அக்கா என்றாள்.

புனிதா காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். பக்கக் கண்ணாடியில் குடையும், அதன்கீழ் பிள்ளையின் தொங்கும் கால்களும் தெரிந்தன. அவர்கள் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று தெரிந்துகொள்ளக் கூடாது என்று தோன்றியது. கண்ணாடியைத் தரை தெரியும்படி திருப்பினாள். சாலை காலியாகும்வரை காத்திருந்து காரை எடுத்தாள்.